மன்னிப்புக் கேட்ட முகம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம். சீரியலில் நீங்கள் செய்த மருமகள் வேடத்தைப் பற்றிப் போன மாதம் உங்கள் தளத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்த வேடம்தான் உங்களை ஆளாக்கியது, பொறுமையையும் உழைப்பையும் கற்றுக்கொடுத்தது என்று எழுதியிருந்தீர்கள்.

எனக்கு 2013இல் கல்யாணம். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்காருவார்கள். நானும் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காருவேன். உங்களுக்குப் பெண் குழந்தை பிறக்கிற காட்சி வந்தபோது நான் ஐந்து மாதம். "பொண்ணாப் பொறந்துடுச்சு, என்னை மன்னிச்சிடுங்க அத்தை" என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள். எங்கள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாரு, எப்படிப்பட்ட பொண்ணு" என்றார். எனக்கும் பெண்தான் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அத்தை உள்ளே வந்ததும், யாரும் சொல்லாமலே நான் அதே வார்த்தையைச் சொன்னேன்.

மகளுக்கு இப்போது பதினோரு வயது. போன வாரம் யூடியூபில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "ஏம்மா அந்த ஆன்ட்டி சாரி கேக்கறாங்க?" என்றாள். போனை வாங்கி வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன பதில் சொல்ல? நீங்கள் வளர்ந்தீர்கள் அக்கா, சந்தோஷம். நான்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்கிற எழுத்தாகவே வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அந்த வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து வருட வேலையைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதியவள் அந்த ஒரு நாளைத் தாண்டிப் போனேன். வேண்டுமென்றேதான் தாண்டினேன்.

வளசரவாக்கத்தில் ஒரு வாடகை பங்களாவில் படப்பிடிப்பு. கீழே ஓர் அறையை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். இரும்புக் கட்டில், பச்சைத் திரை, கம்பியில் ஒரு குளுக்கோஸ் பாட்டில். பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கி வரச் சொல்லியிருந்தார்கள். அதன் அம்மா தோளில் துண்டோடு லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். 'கட்' சொன்னதும் ஓடி வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார். நடுவில் குழந்தை நனைத்துவிட்டது. துணி மாற்றும்போதுதான் பார்த்தேன், பையன். பெண்ணாகப் பிறந்துவிட்டதே என்று கதையில் ஒரு குடும்பமே தலையில் கைவைத்து உட்கார்ந்ததே, அந்தக் குழந்தை ஒரு பையன். மேலே போர்த்தியிருந்த ரோஸ் நிறத் துண்டுதான் அவனைப் பெண்ணாக்கியிருந்தது.

சீன் பேப்பர் காலையில்தான் கைக்கு வரும். ஜெராக்ஸ் சூடுகூட ஆறியிருக்காது. படித்ததும் உதவி இயக்குநரிடம் போய், "இந்த ஒரு வரி மட்டும் வேண்டாமே சார்" என்றேன். "சேனல்ல ஓகே ஆகி வந்த பேப்பர்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அரை மணி நேர எபிசோடு என்றால் விளம்பரம் போக சுமார் 22 நிமிடப் படம் வேண்டும். அதைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துக் கொடுக்காவிட்டால் அவர் தலை உருளும். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. சீரியல் பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த ஒரு கார்டு இருக்கிறது: "இனி இவருக்குப் பதில் இவர்." ஒரு ராத்திரி அது திரையில் வந்துவிட்டால், மறுநாள் வேறொருத்தி என் தாலியோடு அந்த வீட்டுக்குள் நடமாடுவாள். ஒரு வாரத்தில் ஜனங்களும் பழகிவிடுவார்கள். என் அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் பாதி அப்படியே நின்றது. கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் வசனத்தைச் சத்தமாகச் சொல்வார். ப்ராம்ப்டிங் என்போம். அவர் சொல்லச் சொல்ல நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். குரல் பிறகு டப்பிங்கில் சேரும். அப்போதெல்லாம் என் குரலைப் போட மாட்டார்கள். தருமபுரிப் பேச்சு தூக்கலாகத் தெரிகிறது என்று வேறோர் அம்மா எனக்குக் குரல் கொடுத்தார். அந்தக் காட்சி ஒளிபரப்பான ராத்திரி நானும் பார்த்தேன். உதடு என்னுடையது, குரல் அவருடையது. உடனே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்: நான் வாயசைத்தேன், சொன்னது அவர். இந்தக் கணக்கைத் தலைக்கு வைத்துக்கொண்டு பதினோரு வருடம் தூங்கியிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. பிரசவக் கட்டிலில் உங்கள் கண் முன்னால் வந்து நின்றது ஒரு முகம், கூப்பிய இரண்டு கை. அது நான்.

வேறு ஊர்ப் பெண் அந்த வேடத்தைச் செய்திருந்தால், பாவம் தெரியாமல் சொன்னாள் என்று விட்டுவிடலாம். நான் பென்னாகரம் பக்கத்துக்காரி. வேண்டாம் என்கிற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை, உங்கள் ஊரும் தருமபுரி மாவட்டம்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. சித்திக்குப் பிரசவம் என்று அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வராந்தாவில் ஒரு தொட்டில். உள்ளே மடித்துப் போட்ட வெள்ளைத் துணி, குழந்தை இல்லை. சும்மா ஆட்டிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடியே, "உன்னப் பெத்தப்ப சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டேன்டி. உங்க பாட்டி மூஞ்சியப் பாக்க பயம்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான். 2011இல் அது 913 ஆனது. அந்த எண்ணை ஏற்ற எத்தனை கிராம நர்ஸுகள், எத்தனை அங்கன்வாடி டீச்சர்கள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியிருப்பார்கள்! அவர்கள் பகலெல்லாம் சொல்லிவிட்டுப் போனதை நான் ராத்திரி எட்டு மணிக்கு ஒரே கும்பிடில் அழித்திருக்கிறேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. அந்த வாரம் டிஆர்பி, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற கணக்கு, ஏறியது. செட்டில் எல்லாருக்கும் பிரியாணி போட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

உங்கள் மாமியார்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் ஒரு காலத்தில் யார் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரோ. கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகை யாருக்காக என்று நீங்கள் ஒரு நாள் அவரிடமே கேட்கலாம்.

வளர்ந்தேன் என்று நான் எழுதியதில் பொய்யில்லை. காலை ஆறரைக்கு மேக்கப் நாற்காலியில் உட்காரக் கற்றேன். காய்ச்சலோடு வேலை பார்த்தேன். கடன் அடைந்தது. ஆனால் பொறுமையைக் கற்றேன் என்று எழுதினேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அங்கே பொறுமை என்று பேர் வைத்துக்கொண்டது, வேலை போய்விடுமோ என்ற பயத்துக்குத்தான்.

அதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர் ஒருவர். முப்பது வருடம் பாஞ்சாலி வேஷம் கட்டியவர். ஆட்டம் இல்லாத மாதங்களில் கேழ்வரகுக் கொல்லையில் வேலை செய்வார், மாங்காய் சீசனில் லோடு ஏற்றப் போவார். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பதினெட்டு நாள், பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாஞ்சாலி துகிலை உரிகிற ராத்திரியில் பெண்கள் யாரும் தூங்க மாட்டார்கள். கண் அசந்தவளைப் பக்கத்தில் இருப்பவள் உலுக்கி எழுப்புவாள். தலைமுடி பிடித்து இழுத்து வரப்பட்ட பாஞ்சாலி சபை நடுவில் நின்று, "தன்னைத் தோத்த மனுசனுக்கு என்னை வெச்சு ஆட என்ன பாத்தியதை?" என்று கேட்பாள். பீஷ்மரும் துரோணரும் தலை குனிந்து நிற்பார்கள். அந்த இடத்தில் பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு கிளம்பும், மிருதங்கத்தையும் தாண்டிக் கேட்கும். விடிந்ததும் அவர் புருவத்து மை கலையாமல் டீக்கடையில் நிற்பார். கிழவிகள் போகிற போக்கில் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

சீரியல் தொடங்கி மூன்றாம் வருடம் ஊருக்குப் போயிருந்தேன். என்னைப் பார்க்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்தார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். "ஏம்மா, மூணு வருசமா அழுவறயே, ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. "பாஞ்சாலிய எதுக்கு சாமின்னு கும்பிடறாங்கன்னு நெனச்சே? பொறுத்துக்கிட்டதாலயா? சபையில கேட்டா இல்ல, அதுக்கு. கூந்தல முடியாமயே நின்னா இல்ல, அதுக்கு." காபியை ஆற்றிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான்காம் வருடம், கை நீட்டி அடித்த புருஷன் காலில் நானே விழுகிற காட்சி எழுதி வந்தது. மாட்டேன் என்றேன். மேக்கப் அறையில் முழு அலங்காரத்தோடு நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வந்து பேசவில்லை. கார் வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கூப்பிடவில்லை. கதையில் மருமகள் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு வசனம் வைத்துச் சமாளித்தார்கள். தினமும் எட்டு மணிக்கு அந்த கார்டு வருகிறதா என்று பார்ப்பேன். வரவில்லை. பதின்மூன்றாம் நாள் கால்ஷீட் கேட்டு போன் வந்தது. அந்தக் காட்சியையே நீக்கிவிட்டிருந்தார்கள். போன கையோடு இன்னொன்றும் கேட்டேன், இனிமேல் டப்பிங் நானே பேசுகிறேன் என்று. முதல் நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் பேசிய வசனம் "தண்ணி கொண்டாரட்டுங்களா" என்பதுதான். ஊர்ப் பேச்சு வாடை அடித்தது. சவுண்ட் இன்ஜினியர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ரீலுக்குப் போனார்.

வளர்ந்தது அவ்வளவுதான் தங்கை. அதுவும் உங்களுக்கு நேரத்தில் வந்து சேரவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு அடுத்த வருடம் நான் மாட்டேன் என்றேன். "நான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் அழுத பிறகும் என் கதாபாத்திரம் கேட்காத கேள்வியை நீங்கள் ஒரு கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் கேட்க வேண்டிய ஆளிடமே. போனை வாங்கி வைத்ததற்காக வருத்தப்படாதீர்கள். அந்த நிமிடத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

மகளிடம் போனைத் திருப்பிக் கொடுங்கள். அவளோடு சேர்ந்து அந்தக் காட்சியைப் பாருங்கள். அந்தக் கட்டிலில் இருப்பது பையன், ரோஸ் துண்டு போர்த்தியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், அவள் சிரிப்பாள். அந்த ஆன்ட்டிக்கு அது தப்பு என்று அன்றைக்கே தெரியும், வேலை போய்விடும் என்று பயந்து சொல்லிவிட்டாள் என்றும் சொல்லுங்கள். அதைப் பார்த்து நீங்கள் சொன்னதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் புரியும். பன்னிரண்டு வயதில் பஸ்ஸில் அம்மா சொன்னது எனக்குப் புரிந்தது.

மீதியை நான் சொல்ல வேண்டும், என் வாயால், என் குரலில். உங்களுக்குச் சம்மதம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தருமபுரியில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினால் காவேரிப்பட்டணம் எவ்வளவு தூரம். அத்தையும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா