சாக்குல சருகு அள்ள ஒரு வழி

கேள்வி: வீட்டுல ஒரு வேப்பமரம், ஒரு மாமரம் சார். தினமும் ஒரு சாக்கு சருகு விழுது. ஒரு கையால சாக்கு வாயைப் பிடிச்சிக்கிட்டு மறு கையால அள்ளுனா பாதி வெளியதான் போகுது, இதுக்குன்னு ஏதாச்சும் ஸ்டாண்ட் விக்குதா?

பதில்: ஆன்லைன்ல இருக்கு, ஆனா நான் வாங்கச் சொல்ல மாட்டேன். காலி 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் ஒண்ணு எடுத்து அடிப்பாகத்தை ஆக்சா பிளேடால வட்டமா அறுத்துடுங்க, அறுத்த ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடுங்க இல்லன்னா கையைக் கிழிச்சிரும் (எனக்குக் கிழிச்சிச்சு). குறுகலான பக்கத்தை 25 கிலோ அரிசிச் சாக்கு வாய்க்குள்ள விட்டு மேல பழைய சைக்கிள் டியூப்பால இறுக்கிக் கட்டிட்டா வாய் திறந்தபடியே நிக்கும். அப்படியே தரையில படுக்க வெச்சு வெளக்கமாத்தால உள்ள தள்ளுங்க, முக்கால்வாசி ஆனதும் நிமித்தி ரெண்டு குலுக்கு. லேசா தண்ணி தெளிச்சா சருகு நல்லா அமுங்கும், இன்னும் நிறைய பிடிக்கும். காகிதப்பூ கிளையை மட்டும் இதுல திணிக்காதீங்க, முள்ளு சாக்கை ஓட்டை போட்டுரும்.