தோல் இடுப்புப் பையில் பதித்த பித்தளை ஏன் பச்சை பிடிக்கிறது?

பழைய காலப் பாணியில் இடுப்பு வாரில் கோத்துக்கொள்ளும் தோல் பை செய்து, மூடியில் பித்தளைத் தகடும் குமிழும் பதிக்கிறோம். கொஞ்ச நாளில் ஓரங்களில் பச்சை மெழுகு போல ஏதோ பிதுங்கும். அதுதான் களிம்பு.

பித்தளையில் செம்பு இருக்கிறது. தோல் வெடிக்காமல் மென்மையாக இருக்க அதில் எண்ணெயும் கொழுப்பும் ஏற்றுவார்கள். அந்தக் கொழுப்பிலுள்ள அமிலம் செம்போடு சேர்ந்து பச்சையாகிறது. வீட்டுக் குத்துவிளக்கில் எண்ணெய் தேங்கும் குழியைப் பாருங்கள், அதே பச்சைதான். திருகோணமலையில் கடற்காற்றின் உப்பும் ஈரமும் இதை இன்னும் விரைவாக்கும்.

அதனால் தகட்டைப் பதிக்கும் முன்பே அதன் பின்பக்கத்தில் மெல்லிய வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள். தோலுக்கு எண்ணெயை அளவாகத் தடவினால் போதும். ஏற்கெனவே வந்துவிட்டதா? ஈர்க்குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். விளக்குக்குப் போடும் புளியை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள், தோல் கறைபடும்.

அப்புறம், மலிவு என்று இரும்பு ஆணி அடிக்க வேண்டாம். மரப்பட்டையில் பதனிட்ட தோலில் ஈரம் பட்டதும் ஆணியைச் சுற்றிக் கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மையாவது போலத்தான். 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ என்ற பழைய புதைமேட்டில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டுப் பையில் தோல் மக்கிப்போக, மூடியின் பொன் வேலைப்பாடு அப்படியே மிஞ்சியது. பொன் களிம்பு பிடிக்காது.

பச்சையைக் கண்டதும் பூஞ்சணம் என்றோ, போலிப் பித்தளை என்றோ பலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை, உள்ளே செம்பு இருப்பதால்தான் அந்த நிறமே வருகிறது.