முள் ஆடுது அண்ணாச்சி!

கேள்வி: பழைய மாருதி 800 வாங்கினேன் அண்ணாச்சி. ஸ்பீடோமீட்டர் முள் நடுங்குகிறது. 60 காட்டும்போது போன் ஜிபிஎஸ்ஸில் 63, 64 வருகிறது. மீட்டரை மாற்றணுமா?
– வாசகர், கொளச்சல்

பதில்: அவசரப்படாதீங்க தம்பி, இது ரெண்டு வியாதி. முள் நடுங்கினால் முதலில் கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வந்து முள்ளை ஓட்டும் கேபிளைப் பாருங்க. கடல் காத்துக்கு உள்கம்பி துருப்பிடித்திருக்கும். உருவி மண்ணெண்ணெயில் கழுவி, லேசாக கிரீஸ் தடவுங்க. மீட்டர் பக்கம் நாலு விரற்கடை மட்டும் கிரீஸ் வேண்டாம். மீட்டருக்குள் ஏறினால் முள் ஒட்டிக்கொள்ளும். நானே அப்படி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்! கம்பியில் இழை பிரிந்திருந்தால் புதுக் கேபிள்தான். மாட்டும்போது சட்டென்று மடங்காமல் பாருங்க.

வேகம் குறைவாகக் காட்டுவதற்கு டயர்மேல்தான் எனக்குச் சந்தேகம். பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது? 145/70 ஆர்12 (அகலம் 145 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 12 அங்குலம்) இருக்கவேண்டிய இடத்தில் 145/80 போட்டிருந்தால் விட்டம் சுமார் 29 மில்லிமீட்டர் கூடும். சக்கரம் சுற்றுவதை மட்டும் கணக்கெடுக்கும் மீட்டருக்கு அது தெரியாது. கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைத்துச் சொல்லும். கிலோமீட்டரும் அதே கணக்கில் குறையும், மைலேஜ் இல்லை என்று வண்டியைத் திட்டாதீங்க.

சரியான டயர் போட்டபிறகு, ஆரல்வாய்மொழிப் பக்கம் நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்க. போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.