வாவிக்கரையைக் கவனிக்க எப்படிப்பட்டவர்கள் வேண்டும்?

கேள்வி: நுவரெலியா கிரகரி வாவிக்கரையைப் பேணத் தொண்டர் குழு ஒன்று அமைக்கிறோம். எத்தகைய பின்னணி உள்ளவர்களைச் சேர்க்கலாம்?

முதலில் ஒரு மரக்கறித் தோட்டக்காரரைப் பிடியுங்கள். சிரிக்க வேண்டாம். 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், சதுப்பு நிலத்தில் உருவான வாவி இது. மழை பெய்தால் மேட்டுச் சரிவுகளின் கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளிலிருந்து மண்ணும் உரமும் வழிந்து வந்து சேருமிடமும் இதுதான். உரத்திலுள்ள நைதரசனும் பொசுபரசும் பாசியை வளர்க்கின்றன. பாசி மடிந்து அழுகும்போது நீரில் ஒட்சிசன் குறைந்து மீன் சாகிறது. கரையில் பொலித்தீன் பொறுக்கி இதை நிறுத்த முடியாது. எப்போது எந்தப் பாத்தியில் உரம் விழுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்து, இளைப்பாறிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர். கழிவுக் குழாய் எங்கே திரும்புகிறது என்று மோப்பம் பிடித்துவிடுவார்.

குதிரைச் சவாரிக்காரரும் படகோட்டியும் நாள் முழுவதும் அங்கேயே நிற்பவர்கள். ஏப்ரல் சீசன் கூட்டத்தை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆனால் பிழைப்பே கரையில் என்பதால், இட ஒதுக்கீடு பற்றிய முடிவுகளில் அவர்களுக்கு வாக்கு வேண்டாம் என்பேன். கணக்கெழுத ஓர் ஆசிரியர் போதும். சிங்களமும் தமிழும் எழுதுபவராக இருந்தால் மாநகர சபைக்கு அலைவது பாதியாகக் குறையும்.