மக்கள் பார்ப்பதைத்தானே காட்டுகிறோம் என்று சேனல்கள் சொல்வது சரியா?

கேள்வி இது: "டிஆர்பி வந்தால்தான் விளம்பரம், விளம்பரம் வந்தால்தான் சேனல். அப்படியிருக்க, தரமான நிகழ்ச்சி கொடுக்கும் பொறுப்பு சேனல்களுக்கு இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? மக்கள் பார்ப்பதைத்தானே காட்டுகிறார்கள்?"

பொறுப்பு நிச்சயம் இருக்கிறது. "மக்கள் பார்ப்பதைத்தானே" என்ற பதிலை நான் ஏற்கவே மாட்டேன்.

நான் ஏற்காட்டில் கேபிள் லைன் நடத்துகிறேன். அதற்கு முன்பு சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லைன்மேனாக வேலை பார்த்தேன். டிவி நின்றுபோனால் முதல் போன் எனக்குத்தான் வரும் என்பதால், யாருக்கு எது வேண்டும் என்று ஓரளவு தெரியும்.

முதலில் டிஆர்பி, அதாவது எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். தேர்தல் மாதிரி எல்லா வீட்டையும் எண்ணுகிறார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். பார்க் என்ற அமைப்பு 2015 முதல் இந்தக் கணக்கை எடுக்கிறது. சேனல்காரர்கள், விளம்பரம் கொடுப்பவர்கள், விளம்பர ஏஜென்சிகள் மூன்று தரப்பும் சேர்ந்து நடத்துவது அது. தேர்ந்தெடுத்த வீடுகளில் மட்டும் மீட்டர் வைப்பார்கள். சேனலின் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்து வரும். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பட்டன் உண்டு. டிவி முன்னால் உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். 2020 வாக்கில் நாடு முழுக்க இப்படிச் சுமார் 44,000 வீடுகள் இருந்தன. டிவி இருந்த வீடுகளோ சுமார் 21 கோடி. அப்படியென்றால் ஒரு வீடு கிட்டத்தட்ட 4,800 வீடுகளுக்காகப் பேசியது. பிற்பாடு மீட்டர்களைக் கூட்டியிருக்கிறார்கள்.

மாதிரி எடுத்துக் கணக்குப் போடுவதில் தப்பில்லை. ஒழுங்காகச் செய்தால் தமிழ்நாடு மொத்தத்தில் எது அதிகம் ஓடுகிறது என்று அது காட்டிவிடும். ஆனால் எங்கள் மலைக் கிராமங்களான நாகலூரிலும் வாழவந்தியிலும் என்ன பார்க்கிறார்கள், என்ன கிடைக்காமல் இருக்கிறார்கள் என்று அது எந்தக் காலத்திலும் சொல்லாது. டிவி ஓடியது, ஆள் எதிரில் இருந்தார் என்பது வரைக்கும்தான் மீட்டருக்குத் தெரியும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் லைன் போனால் அடுத்த நிமிடமே போன் வரும். "தம்பி, சத்தம் மட்டும் வருது, படம் வரல. இன்னைக்குத்தான் உண்மை தெரியப் போவுது, சீக்கிரம் வாப்பா" என்பார் ஒரு அம்மா. எஸ்டேட்டில் நாள் முழுக்கக் காபிப் பழம் பறித்துவிட்டு வந்து உட்காருகிறவர். அவருக்கு அந்த நாடகம் வேண்டும். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதே அம்மா மறுநாள் மாதச் சந்தா கொடுக்கும்போது என்ன கேட்கிறார் தெரியுமா? "அந்தப் புள்ளைய இன்னும் எத்தனை மாசத்துக்குத்தான் அழ வெப்பாங்க? வேற கதையே இல்லீங்களா?" முந்தின நாள் அவர் பார்த்தது உண்மை. இன்றைக்குச் சலித்துக்கொள்வதும் உண்மை. முதலாவது எண்ணிக்கையில் ஏறிவிடுகிறது, இரண்டாவதைக் கேட்க ஆள் இல்லை.

நாடகங்கள் ஏன் இப்படி ஆயின என்பதற்குச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. கொலுசு செய்கிறவர்களின் கண் நெருப்பிலும் கையில் இருக்கும் துண்டிலும்தான் இருக்கும். சுவரில் உயரத்தில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் நாடகத்தைக் கேட்கிறார்கள், முக்கியமான இடத்தில் மட்டும் தலை நிமிர்கிறார்கள். வீடுகளிலும் அப்படித்தான், அடுப்பு ஒரு பக்கம், பிள்ளையின் வீட்டுப்பாடம் ஒரு பக்கம். அதனால் நடந்ததை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. கன்னத்தில் ஒரு அறை விழுந்தால் இடிச் சத்தத்தோடு ஆறு முகங்களைக் காட்டுகிறார்கள். வாரத்துக்கு ஐந்தாறு எபிசோட் எடுக்க வேண்டும் என்றால் அந்த ஆறு முகங்கள் நேரத்தையும் நிரப்பிக் கொடுக்கும். இதுவரை எனக்குப் புரிகிறது. வேலை செய்துகொண்டே கேட்பவர்களுக்காக எழுதுவது நல்ல கலைதான். வானொலி நாடகம் அதை அழகாகச் செய்திருக்கிறது. ஆனால் கேட்பவர் வேலையாக இருக்கிறார் என்பதற்காக, விஷம் வைப்பதையும் மருமகளைச் சித்திரவதை செய்வதையும் வருடக்கணக்கில் அவர் காதில் ஊற்ற வேண்டிய அவசியம் என்ன? அதைத் தேர்ந்தெடுத்தது சேனல்தான்.

இன்னொன்று, எங்கள் தொழிலில் லேண்டிங் பேஜ் என்று ஒன்று உண்டு. செட்டாப் பாக்ஸை ஆன் செய்ததும் நீங்கள் எந்த நம்பரும் அழுத்தாமலே ஒரு சேனல் வருமே, அதுதான். அந்த இடம் சும்மா கிடைப்பதில்லை, சேனல்கள் காசு கொடுத்து வாங்குவது. என்னைப் போன்ற சின்ன ஆபரேட்டருக்கு இதில் கை கிடையாது, எல்லாம் மேலே கன்ட்ரோல் ரூமில் முடிவாவது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் இதற்குத் தடை போட்டது; 2019இல் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. இப்படி வரும் பார்வையைக் கழிக்க பார்க் தன் கணக்கில் வழி வைத்திருக்கிறது என்றாலும், ரிமோட்டைத் தேடுகிற நேரத்தில் ஓடியதை மக்கள் விருப்பம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை சேனல்களுக்கு இருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறதல்லவா?

2020 அக்டோபரில் மும்பை போலீஸ் ஒரு வழக்குப் போட்டது. மீட்டர் வைத்த வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. உடனே செய்திச் சேனல்களின் ரேட்டிங் வெளியிடுவதை பார்க் நிறுத்தியது. மறுபடி வந்தது 2022 மார்ச்சில். அந்த ஒன்றரை வருடம் வாராந்திர எண் இல்லாமலே செய்திச் சேனல்கள் ஓடின. எண் இல்லாவிட்டால் தொழிலே நடக்காது என்ற பேச்சை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை. சேலத்து லோக்கல் கேபிள் சேனல்களைப் பாருங்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரத்தில், கோயில் திருவிழாவையும் உள்ளூர் நிகழ்ச்சிகளையும் காட்டிக் காலம் தள்ளுகின்றன. இன்று தமிழ்நாடு முழுக்கத் தெரியும் பாலிமர் கூட இதே சேலத்தில் கேபிள் சேனலாகத் தொடங்கியதுதான்.

சரி, மக்கள் உண்மையிலேயே விரும்பிப் பார்த்தால்? 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தபோது, தீபாவளி உட்பட மூன்று நாளுக்கு மேல் நேரலை ஓடியது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் ஓடியது. அந்தக் குழந்தை பிழைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது. அந்தத் தவிப்புக்கு நடுவே சோகப் பின்னணி இசை சேர்த்தது, பெற்றவர்கள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டியது எல்லாம் எந்தப் பார்வையாளரும் போன் போட்டுக் கேட்டதல்ல. நாங்கள் பார்த்தோம் என்பதற்காக அவற்றை எங்கள் கணக்கில் எழுத முடியாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கரண்ட் இருந்த வீடுகளிலிருந்து எனக்கு வந்த போன்களில் ஒன்றுகூட நாடகத்துக்காக இல்லை. "அண்ணே, எந்தச் சேனல்ல ஏற்காடு ரோடு பத்திப் போடுறாங்க? ஆஸ்பத்திரிக்கு எறங்கலாமா?" விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் பாதிப்பு பெரிது, அதை முதலில் காட்டியது சரிதான். ஆனால் அதே வெள்ளக் காட்சியை மறுபடி மறுபடி ஓட்டிய நேரத்தில், எந்த மலைப்பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று மாவட்டவாரியாக ஐந்து நிமிடம் படித்திருக்கலாம். எங்களுக்கு விவரம் வாட்ஸ்அப்பில் வந்தது, அதோடு கூடவே வதந்தியும் வந்தது. எனக்குத் தரம் என்றால் முதலில் இதுதான். தேவைப்படுகிற நேரத்தில் தேவைப்படுகிற ஆளுக்கு உண்மையான விவரம் போய்ச் சேர வேண்டும்.

தரம் என்றால் காசு வராது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டித்தான் போகிறேன். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த நிறுவனம் முழுக்க முழுக்க டிக்கெட் வாங்கும் கூட்டத்தை நம்பியது. சண்டை, பாட்டு, மர்மம் எல்லாம் உண்டு. ஆனாலும் முதல் மலையாளப் பேசும் படம் 1938இல் அங்கிருந்து வந்தது, 1956இல் தமிழின் முதல் கலர் படமும் அங்கிருந்துதான். கூட்டத்தை இழுக்க நினைத்தவர் புதிதாக ஒன்றைச் செய்து இழுத்தார். இன்றைய சேனல்களோ ஒருவர் பாட்டுப் போட்டி வைத்து ஜெயித்தால் மற்றவர்களும் அதையே வைக்கிறார்கள். துணிவு இல்லாததைப் பார்வையாளர் தலையில் கட்டக் கூடாது.

சட்டமும் பொறுப்பு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. அலைவரிசை பொதுச் சொத்து, மக்கள் நலனுக்காகப் பயன்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. விளம்பரம் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. மத்திய அரசின் 2022 நவம்பர் வழிகாட்டு நெறிகளின்படி, கல்வி, விவசாயம், சுகாதாரம், அறிவியல் போன்ற பொதுநல விஷயங்களுக்குச் சேனல்கள் தினமும் 30 நிமிடம் ஒதுக்க வேண்டும்; விளையாட்டுச் சேனல் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த 30 நிமிடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தும் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டது பெரிய ஓட்டை. சாயங்காலம் ஏழிலிருந்து பத்துக்குள் ஒரே துண்டாக என்று கட்டாயப்படுத்தியிருந்தால், நல்ல இயக்குநர்களைக் கூப்பிட்டு அதை நன்றாக எடுக்கச் சேனல்களே போட்டி போட்டிருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, சந்தா வசூலுக்குப் போகும் வீடுகளில் நான் சொல்லிக்கொண்டு இருப்பதும் அதுதான். 2021 கேபிள் டிவி விதிகளின்படி, நீங்கள் எழுதும் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சேனல் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். சேனல் பெயர், நிகழ்ச்சி, தேதி, ஒளிபரப்பான நேரம், எந்தக் காட்சி, அதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம், இவ்வளவையும் தெளிவாக எழுதுங்கள். "நிகழ்ச்சி மோசம்" என்று ஒரு வரி போட்டால் அவர்களும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பிடித்த நிகழ்ச்சிக்கும் இதே மாதிரி எழுதுங்கள். ரேட்டிங் குறைந்த ஒரு நல்ல நிகழ்ச்சியை நிறுத்தலாமா என்று யோசிக்கும் மேஜையில் அந்தக் கடிதமும் இருக்கட்டும்.