மங்கிப்போன மார்பிளை வீட்டிலேயே மெருகேற்றலாமா?

கேள்வி: கூடத்தில் மார்பிள் தரை போட்டிருக்கிறோம். எலுமிச்சைச் சாறு சிந்திய இடத்தில் வட்டமாகத் தடம் விழுந்து, எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. சமையலறை கிரானைட் மேடையில் சிங்க்கைச் சுற்றி வெள்ளை படிந்திருக்கிறது. வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. பேட் வாங்கி மாட்டி நானே பாலிஷ் போடலாமா?

பதில்: கிரைண்டரை இப்போதைக்கு எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு வெவ்வேறு கோளாறுகள். தரையில் கல் கரைந்திருக்கிறது. மேடையில் கல்லின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மேடை எளிது. அந்த வெள்ளை பெரும்பாலும் தண்ணீரிலிருந்து படிந்த சுண்ணாம்புதான். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7. சவர பிளேடின் எஃகு அதைவிட மென்மையானது. இடத்தை நனைத்து, புது பிளேடைப் படுக்கையாகச் சாய்த்துச் சுரண்டினால் செதில் செதிலாக வந்துவிடும். வினிகர் ஊற்றாதீர்கள். கிரானைட் என்ற பெயரில் விற்கும் கற்களில் சில அமிலம் தாங்காதவை.

இனி மார்பிள். இதில் பெரும்பங்கு கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம்; அதே அளவில் கடினம் 3தான். அமிலம் பட்டால் மேற்பரப்பு மிக மெல்லியதாகக் கரைந்துவிடும், ஒளியைத் திருப்பும் வழவழப்பு போய்விடும். கறையாக இருந்தால் சோப்பு உதவும், அரிப்புக்கு எந்தச் சோப்பும் உதவாது. கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு விரல் நுனியால் அந்த வட்டத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாகவே இருந்தால் நீங்களே சரிசெய்யலாம். மார்பிளுக்கென்று விற்கும் பாலிஷ் பொடியைத் தண்ணீரில் கெட்டிக் குழம்பாகக் கரைத்து, கம்பளித் துண்டால் அல்லது ஃபெல்ட் பேடால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பசை காய்ந்துவிடக் கூடாது. இடையிடையே தண்ணீர் தெளியுங்கள். பிறகு கழுவித் துடைத்துப் பாருங்கள், தேவையானால் இன்னொரு முறை. கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பல பொடிகளில் ஆக்சாலிக் அமிலம் இருக்கும் என்பதால் கையுறை அவசியம்.

நகத்தில் இடறும் கீறலோ சொரசொரப்போ இருந்தால் பொடி போதாது. வைரத் துகள் பதித்த டைமண்ட் பேடை 400, 800, 1500, 3000 என்று (எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) வரிசையாக மாற்றித் தேய்க்க வேண்டும். ஒரு பேடின் கீறலை அடுத்த பேடுதான் எடுக்கும். நடுவில் ஒன்றைத் தாண்டிவிட்டால் கடைசியில் என்ன செய்தாலும் மங்கலாகவே நிற்கும். ஒவ்வொரு கட்டத்திலும் சேற்றைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய துகளே புதுக் கீறல் போடும்.

சாதாரண ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் கல் கருகும், பேடும் பாழாகும். வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள ஈர பாலிஷ் இயந்திரம் வேண்டும். மின்கசிவுத் தடுப்பான் உள்ள இணைப்பில்தான் ஓட்ட வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. கிரானைட் தூசியில் சிலிக்கா உண்டு, அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

கூடம் முழுவதையும் கைக் கருவியால் செய்ய நினைத்தால், வேண்டாம் என்றே சொல்வேன். ஓரிடம் அதிகம் தேய்ந்து குழி விழும். பகலில் ஜன்னல் வெளிச்சம் தரையில் நெளிந்து தெரியும்போதுதான் அது கண்ணில் படும். முழுத் தரைக்குக் கனமான இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். கிரானைட் மேடையின் மெருகு போயிருந்தாலும் இதே பதில்தான்.

பாலிஷ் முடிந்து கல் ஒரு நாளாவது நன்றாக உலர்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். கல் கருத்தால், அது நீரை உறிஞ்சுகிறது; உறிஞ்சுவதைக் குறைக்கும் சீலர் பூசுங்கள். மிச்சத்தைக் காயும் முன் துடைத்துவிடுங்கள். சீலர் எண்ணெய், நீர்க் கறைகளைத் தாமதப்படுத்தும், அமில அரிப்பைத் தடுக்காது. எனவே அடுத்த முறை எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே ஒற்றியெடுத்து, தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.