சோடிக் காப்பும் விதைக் காணிக்கையும்

கேள்வி: நான் பரந்தன் பக்கம் இருக்கிறேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் என் மூத்த மகனை இராணுவத்திடம் கையளித்தேன். இன்றுவரை தகவல் இல்லை. ஐந்து வருடமாக எங்கள் ஒழுங்கையிலுள்ள ஒரு சிறிய சபைக்குப் போகிறேன். எனக்கு டெங்கு வந்தபோது இரண்டு கிழமை கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தது அந்தச் சபைச் சனந்தான். இப்போது பாஸ்டர், என் தகப்பன் வழியில் யாரோ செய்த பாவத்தின் சாபத்தால்தான் மகன் வரவில்லை, அது முறிய விதைக் காணிக்கை, அதாவது விதைபோலப் போட்டால் பலனாய்த் திரும்புமென்று சொல்லிக் கேட்கிற காணிக்கை, போடவேண்டும் என்கிறார். மகன் கட்டப்போகிற பிள்ளைக்கென்று வைத்த ஒரு சோடிக் காப்பு இருக்கிறது. அடகு வைக்கட்டுமா? சபையில் ஒரு தம்பி இது பிழையான உபதேசம் என்கிறார். மற்றவர்கள், உபதேசம் பேசினால் சண்டைதான் வரும், அன்பு போதும் என்கிறார்கள்.
- ஒரு தாய்

பதில்: அன்புள்ள அக்கா, முதலில் காப்பு. அதை அடகு வைக்காதீர்கள். மற்றதை ஆறுதலாகப் பேசுவோம்.

கஞ்சி கொண்டுவந்தவர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது உண்மையான அன்பு. ஆனால் உபதேசம் என்றதும் எங்கள் சனத்துக்கு ஞாபகம் வருவது ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா, ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்ற இழுபறிதான். ஒரே ஒழுங்கையில் மூன்று சபைப் பலகை தொங்குவதற்கும் அது ஒரு காரணம். (காணிக்கைப் பெட்டியும் ஒரு காரணம், அதை விடுவோம்.) பவுல் தீத்துவுக்கு எழுதியபோது ‘ஆரோக்கியமான உபதேசம்’ என்றார். கிரேக்கத்திலும் அது நோயில்லாத உடம்புக்குச் சொல்கிற சொல். உங்களுக்குச் சொல்லப்பட்டதைக் கேட்டபின் உங்கள் நிலைமை என்ன? இத்தனை வருடம் சுமந்தது போதாதென்று பழியும் உங்கள் தலையில்.

போருக்குப் பிறகு செட்டிகுளம் முகாமில் தண்ணீர்ப் பவுசருக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற அம்மா இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அவரிடம் ஒரு ஊழியக்காரர் வந்து, “உங்கட முன்னோர் விக்கிரகத்துக்குப் பொங்கின பலன்தான் இது” என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. வாளியை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார். நானும் வாய் திறக்கவில்லை. அவர்மேல் எனக்கு அன்பு இருந்தது அக்கா. சொல்லத்தான் ஒன்றும் இருக்கவில்லை. எசேக்கியேல் 18 ஆம் அதிகாரத்தை நான் அதுவரை ஒழுங்காக வாசித்ததேயில்லை.

அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, ஊரும் வீடும் இல்லாமல் கேபார் நதியோரம் குடியிருந்த சனத்துக்கு. அவர்கள் வாயில் ஒரு பழமொழி திரிந்தது: அப்பன்மார் திராட்சைக் காயைத் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது. இனி அந்தப் பழமொழியை எடுக்கவே கூடாது என்று ஆண்டவர் தடுக்கிறார். 20 ஆம் வசனத்தில் இன்னும் வெளிப்படை: தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொன்னதும் இதே வழியில்தான்.

பாஸ்டர் யாத்திராகமம் 20 ஐக் காட்டக்கூடும், தகப்பன்மாரின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை பிள்ளைகளிடம் விசாரிப்பார் என்று. அந்த வசனத்திலேயே ‘என்னைப் பகைக்கிறவர்கள்’ என்று இருக்கிறது. நீங்கள் ஐந்து வருடமாக முழங்காலில் நிற்கிற ஆள். அடுத்த வசனத்தில் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்றும் இருக்கிறது. அதை ஏனோ ஒருவரும் வாசிப்பதில்லை.

விதைக் காணிக்கைக்கு வழக்கமாக எடுப்பது லூக்கா 6:38, ‘கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்’. மூன்று வசனம் மேலே போனால் ‘கைம்மாறு கருதாமல்’ என்று இருக்கிறது. அவ்வளவுதான்.

மகனுக்காகச் செபிப்பதை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டம் இருந்த இடத்தில், எந்த மதமென்று பாராமல், கும்பிடாதவர் யார்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டவர்கள் இரண்டு வருடத்தில் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி சொன்னபோது, எரேமியா தீர்க்கதரிசியும் “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார். அந்த ஆசை அவருக்கும் இருந்தது. அதற்காக ஆசையை ஆண்டவரின் வார்த்தையென்று சொல்லவில்லை. காசு கேட்கவுமில்லை.

சபையை உடனே விடவேண்டாம். அந்தத் தம்பியையும், கஞ்சி கொண்டுவந்தவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, ஆராதனை இல்லாத ஒரு நாளில் பாஸ்டரிடம் போங்கள். சண்டைக்கு அல்ல. எசேக்கியேல் 18 ஐத் திறந்து கையில் கொடுத்து, “ஐயா, இதைச் சத்தமாய் வாசியுங்கோ” என்று கேளுங்கள். முழு அதிகாரத்தையும். வாசித்துவிட்டு, “நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அம்மா” என்றாரானால் அந்தச் சபையில் தாராளமாக இருங்கள். அப்படிச் சொல்கிற போதகர் லேசில் கிடைக்கமாட்டார். கோபப்பட்டாரானால் எனக்குத் திரும்ப எழுதுங்கள். பக்கத்தில் வேறு எந்தச் சபை இருக்கிறதென்று சேர்ந்து பார்ப்போம்.